மூன்றாம் பாலத்துக்குக் கீழே

எங்கள் வீட்டுக்கு டிவி கேம் வந்த வருஷம்தான் கடல் அந்தச் சின்ன ஆட்களைக் கரையொதுக்க ஆரம்பித்தது. அதுவரைக்கும் அது எல்லாக் கடலையும் போலப் பாசியையும் உடைந்த சங்கையும் ஒற்றைச் செருப்பையும் மட்டுமே ஒதுக்கிக்கொண்டிருந்தது என்று தூத்துக்குடி நங்கூரத் தெருவில் இன்றைக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சும் விடுவார்கள். என் பிள்ளைகள் கைப்பேசியில் ஆடுகிற ஆட்டங்களில் ஆள் விழுந்து செத்தால் அவன் எங்கே போகிறான் என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். "எங்கயும் போகமாட்டான்மா, திரும்ப வருவான்" என்கிறார்கள், தலையைக்கூடத் தூக்காமல். கொடுத்து வைத்த பிள்ளைகள். நான் முதன்முதலாக ஆடிய ஆட்டத்தில் செத்தவனை மறுநாள் காலையில் நாங்களே போய் எடுத்து, பெயர் வைத்து, அடக்கம் செய்துவிட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டியிருந்தது.

அப்பா பெயர் கஸ்பார் மச்சாது. தோணிக்குத் தண்டல், அதாவது கப்பலுக்குக் கேப்டன் எப்படியோ அப்படி. வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு மாலித் தீவுக்குப் போவார், திரும்பி வரும்போது வாசனை சோப்பு, பால் பவுடர், பட்டன் குடை என்று ஏதாவது இருக்கும். அந்தத் தடவை ஒரு கறுப்புப் பெட்டி வந்தது. அதோடு வயர் கோத்த இரண்டு ஜாய்ஸ்டிக், ஒரு மஞ்சள் கேசட். கேசட்டின் மேல் ஒட்டியிருந்த தாள் வழியிலேயே உப்புக்காற்றில் ஊறிக் கிழிந்துவிட்டதால் அந்த ஆட்டத்தின் பெயர் என்ன என்பது எங்களுக்குக் கடைசி வரை தெரியவில்லை. பெயர் தெரியாததைப் பற்றி யாரும் கவலைப்படவும் இல்லை. கேசட்டை வாயருகே வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஊதிச் செருகி, ஸ்டெபிலைசர் முள் ஏறும் வரை பொறுத்திருந்து, டிவியில் சேனலைத் திருகித் திருகிப் பிடித்தால், புள்ளிமழைக்கு நடுவிலிருந்து ஒரு நீல வானம் எழுந்து வரும். அந்த வானத்தைப் பார்த்ததும் நான் கைதட்டுவேன்.

ஆட்டம் ரொம்பச் சாதாரணமானது. நீலக் கால்சட்டை, மஞ்சள் தொப்பி போட்ட ஒரு ஆள். முகம் கிடையாது, கண்ணுக்கு ஒரு புள்ளி, அவ்வளவுதான். வலது பக்கம் பார்த்து நடப்பான், தாண்டுவான், வேறொன்றும் தெரியாது அவனுக்கு. வழியில் தென்னை மரங்கள், பாறைகள், நடுவில் உடைந்த பாலங்கள், பாலங்களுக்குக் கீழே அலையே இல்லாத தண்ணீர். மூன்று உயிர். விழுந்தால் இறங்குமுகமாக ஒரு சின்ன மெட்டு வாசிக்கும். அந்த மெட்டு இன்றைக்கும் பாத்திரம் தேய்க்கும்போது என் வாயில் வருகிறது, வந்ததும் நிறுத்திக்கொள்கிறேன்.

சாயங்காலமானால் தெருவே எங்கள் வீட்டில்தான். ஆடுகிறவர் பாலத்தைத் தாண்டும்போது பார்க்கிறவர்கள் அத்தனை பேரும் உட்கார்ந்த இடத்திலேயே ஒரு எம்பு எம்புவார்கள். எதிர்வீட்டு கொரெத்தி மாமி எம்பிய எம்பில் எங்கள் பிரம்பு நாற்காலி ஒன்று போயே போய்விட்டது. இத்தனை பேரிலும் மட்டமான ஆட்டக்காரர் அப்பாதான். இரண்டு பாலத்தைத் தாண்டிவிடுவார், மூன்றாவது பாலத்து முனைக்கு வந்ததும் நின்றுவிடுவார். நின்று தண்ணீரைப் பார்ப்பார்.

"ஓடி வந்து தாண்டுங்கப்பா!" என்று நான் கத்துவேன்.

"ஏட்டி ஜெசிந்தா, தண்ணி எப்பிடிக் கெடக்குன்னு பாக்காம எவனாவது ஓடுவானாட்டி?" என்பார். நின்ற இடத்திலிருந்து தாண்டினால் எட்டாது. ஒவ்வொரு தடவையும் எட்டாது. மெட்டு வாசிக்கும், அப்பா விழுந்து விழுந்து சிரிப்பார்.

அப்படி விழுந்தவர்களில் ஒருவனைத்தான் ஒருநாள் காலை, கரைவலைக்காரர்களிடம் மீன் வாங்கப் போன கொரெத்தி மாமி பார்த்தாள். ஈரமணலில் மல்லாந்து கிடந்தான். விரல் நீளம். நீலக் கால்சட்டை, மஞ்சள் தொப்பி, டிவியில் தெரிகிற மாதிரியே ஓரமெல்லாம் படிபடியாக வெட்டிய உடம்பு. மீனைப் போலச் சில்லிட்டிருந்தான், மீன் வாடைதான் இல்லை. மாமி அவனை நார்ப்பெட்டியில் மீனுக்கு மேலே ஒரு வாழையிலைத் துண்டில் படுக்க வைத்துத் தூக்கிக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"தண்டலே, இது உங்க ஆளுல்லா? ராத்திரி நீங்கதான விழுத்தாட்டினிய?"

அப்பா உற்றுப் பார்த்தார். "என் ஆளுதான்" என்றார்.

யாரும் அலறவில்லை, யாரும் ஓடவில்லை. கடல் என்ன கொடுக்கும் என்று கடலோரத்தில் இருப்பவர்கள் முன்கூட்டியே முடிவு செய்துகொள்வதில்லை. ஆனால் ஒரு சட்டம் உண்டு: கடல் கரைக்குக் கொண்டுவந்த பிணத்தை, அது யாராக இருந்தாலும், எந்த ஊராக இருந்தாலும், எந்தச் சாமியைக் கும்பிட்டிருந்தாலும், கண்டவர்கள் அடக்கம் செய்துவிட வேண்டும். விரல் நீளத்துக்குக் குறைந்தால் வேண்டாம் என்று அந்தச் சட்டத்தில் எங்கேயும் இல்லை. ஆகவே ஒரு தீப்பெட்டியைக் காலி செய்து, பஞ்சு பரப்பி, அவனை வைத்து மூடினார்கள். பெயர் இல்லாமல் எப்படிப் புதைக்க என்று கோயிலில் செபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் கேட்டதற்கு, அன்றைக்கு எந்தப் புனிதரின் திருநாளோ அந்த அர்ச்சியசிஷ்டரின் பெயரையே வைத்துவிடலாம் என்று அப்பா சொன்னார். கல்லறைத் தோட்டத்தின் கிழக்கு மூலையில், வேப்பமரத்தடியில், உபதேசியார் செபம் சொல்ல, அப்பா ஒரு பிடி மண் போட்டார். வீட்டுக்கு வந்து எல்லாரும் கடுங்காப்பி குடித்தார்கள்.

கோயில் பாதிரியாரான பங்குச்சாமிக்குத்தான் இது பிடிக்கவில்லை. ஆன்மா இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒன்றுக்குத் தீர்த்தம் தெளிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பிறகு ஒருநாள் வீட்டை ஆசீர்வதித்து மந்திரிக்க வந்தவர், அதில் என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று ஜாய்ஸ்டிக்கைக் கையில் வாங்கி, முதல் பாலத்திலேயே ஆளைத் தண்ணீரில் விட்டார். மறுநாள் காலை வெள்ளையங்கி நனைய நனையக் கரையில் நின்று அவனைத் தேடி எடுத்தவரும் அவரேதான், அன்றிலிருந்து தீர்த்தத்துக்குக் குறையில்லை. விழுத்தாட்டியவர் யாரோ அவரே அடக்கத்துக்கு வர வேண்டும் என்று தெருவில் ஒரு கட்டுப்பாடு தானாக ஏற்பட்டது. அதனால் நாங்கள் எல்லாரும் கவனமாக ஆடக் கற்றுக்கொண்டோம். அப்பாவைத் தவிர. அவர் தினமும் விழுத்தாட்டி, தினமும் தீப்பெட்டியோடு போய், தினமும் சிரித்துக்கொண்டே வந்தார். அந்த மூலையில் படுத்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அவருடைய ஆட்கள்தான்.

அப்பா ஐப்பசியில் மறுபடி மாலிக்குப் போனார். கார்மேகம் கருக்கிட்டுக்கொண்டு நின்றது, போகாதீர்கள் என்று அம்மா சொன்னாள், வெங்காயம் அழுகிவிடும் என்று அப்பா சொன்னார். அவ்வளவுதான் அவர்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது, ஒரு வெங்காயத்தைப் பற்றி. தோணி திரும்பவில்லை. அதில் வேலை பார்த்த ஆட்கள் மட்டும் திரும்பினார்கள். ஏதோ ஒரு கப்பல் அவர்களைக் கடலிலிருந்து பொறுக்கியெடுத்து, கொச்சியில் இறக்கிவிட, அங்கேயிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்கள். யாரோ கொடுத்த பொருந்தாத சட்டைகளைப் போட்டுக்கொண்டு எங்கள் வாசலில் வரிசையாக நின்றார்கள். அம்மா முதலில் அவர்களுக்குச் சோறு போட்டாள். அவர்கள் கைகழுவும் வரை ஒன்றும் கேட்கவில்லை.

"சொல்லுங்க" என்றாள் பிறகு.

தோணியில் சமையல் பார்க்கிற ராயப்பு அண்ணன்தான் சொன்னார். "தோணி முங்குறப்ப எல்லாரும் குதிச்சாச்சான்னு கேட்டாவ, மைனி. குதிச்சாச்சுன்னு கத்துனோம். அதுக்கப்புறந்தான் அவுக குதிச்சாவ. குதிச்சதக் கண்ணால பாத்தோம். எந்திரிச்சதப் பாக்கல."

அம்மா அழவில்லை. சோற்றுப் பானையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கடலில் போனவனின் உடல் கிடைக்காவிட்டால் அவன் கட்டியிருந்த துணிமணியைப் பெட்டியில் வைத்து அடக்கம் செய்வது எங்கள் தெருவில் வழக்கம். சில வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, சாமியும் உபதேசியாரும் வந்து, அப்பாவின் வேட்டி சட்டை ஒன்றைக் கேட்டார்கள். என் அம்மா இஞ்ஞாசி அதிர்ந்து பேசாதவள். சாமி முன்னால் முக்காட்டை இறக்காதவள். அன்றைக்கு நிமிர்ந்து நின்று, "நான் என்ன வேட்டி சட்டைக்கா வாக்கப்பட்டேன்?" என்று கேட்டாள். அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று, அப்பாவின் உடம்பு. அது வராமல் மணி அடிக்கவும் விடமாட்டாள், பூசை வைக்கவும் விடமாட்டாள், தாலியைக் கழற்றவும் மாட்டாள். எனக்கு அடக்கமும் வேண்டாம், பூசையும் வேண்டாம், அப்பா வேண்டும் என்றிருந்தது. அதை யாரிடம் போய்க் கேட்பது?

அந்த ஆட்டப் பெட்டியை யாரும் தொடாமல் அது டிவிக்கு மேலே துணி மூடிக் கிடந்தது. ஒரு மத்தியானம் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா அதை எடுத்து வைத்துக்கொண்டு கேசட்டை ஊதிக்கொண்டிருந்தாள். அதுவரை அவள் அதைத் தூசி தட்டியதோடு சரி.

"தண்ணியில விழுந்தவன் எல்லாம் மறுநாள் நம்ம கரையிலதான வாரான்?" என்றாள் என்னிடம்.

"ஆமா."

"அப்போ அந்தத் தண்ணியும் இந்தத் தண்ணியும் ஒண்ணுதான. அங்கின எறங்கித் தேடுனா என்ன?"

அம்மா ஆட ஆரம்பித்தாள். அவளுக்கு ஆடத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. திரையில் நிற்கிற அந்த முகமில்லாத ஆளிடம், முத்துக் குளிக்கப் போகிறவனிடம் பேசுவது போல, மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னாள். "பாத்துப் போ, ராசா. கட்டம் போட்ட சாரம் உடுத்திருப்பாவ. மீசை இருக்கும். கஸ்பார்னு கூப்புட்டா திரும்பிப் பாக்க மாட்டாவ, தண்டல்னு கூப்புடு." சொல்லி முடித்ததும் அவனைப் பாலத்து முனைக்கு நடத்திக்கொண்டு போய்த் தண்ணீருக்குள் இறக்குவாள். மெட்டு வாசிக்கும். அடுத்தவன் வந்து நிற்பான். "பாத்துப் போ, ராசா" என்று மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள்.

மறுநாள் காலை கரையில் ஆறேழு பேர் கிடந்தார்கள். அதற்கு மறுநாள் இன்னும் அதிகம். தெரு அவர்களை அடக்கம் செய்தது. விழுத்தாட்டியவர்தான் வர வேண்டும் என்ற கட்டுப்பாட்டை யாரும் அம்மாவிடம் நினைவுபடுத்தவில்லை, வீட்டுக்கு ஒருவராக முறை வைத்துக்கொண்டு அவர்களே போனார்கள். தீப்பெட்டிக்குத் தட்டுப்பாடு வந்தது. ஆண்கள் பீடி பற்ற வைக்கிற சாக்கில் குச்சிகளைச் சும்மா கிழித்துப் போட்டுப் பெட்டிகளைக் காலி செய்தார்கள். ஒரே நாளில் பத்துப் பேருக்கு ஒரே அர்ச்சியசிஷ்டர் பெயரை வைக்க வேண்டியிருந்ததில் உபதேசியாருக்கு மனக்குறைதான். ஆனாலும் ஒரு பெண் தன் புருஷனைத் தேடுகிறாள், அதை நிறுத்து என்று எந்த வாயால் சொல்வது என்று எல்லாரும் பேசாமல் இருந்தார்கள்.

என் மாமாவால்தான் அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தொம்மை மாமா அம்மாவின் தம்பி. எங்கள் பக்கத்தில் சங்கு குளிக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: கடலுக்குள் முங்குகிறவனின் இடுப்புக் கயிற்றைப் படகிலிருந்து பிடிக்கிறவன் அவன் மனைவியோடு பிறந்தவனாகத்தான் இருப்பான். சொந்த அண்ணன் தம்பிகூடச் சொத்துக்கு ஆசைப்பட்டுக் கயிற்றை விட்டுவிடலாம், மச்சான் விடமாட்டான், விட்டால் அறுபடுவது அவன் கூடப்பிறந்தவளின் தாலி. அப்பா தோணிக்குப் போவதற்கு முன்னால் சங்கு குளித்தவர். அப்போதெல்லாம் கயிறு பிடித்தவர் தொம்மை மாமா. தோணி போன செய்தி வந்த நாளிலிருந்து மாமா தன் இரண்டு உள்ளங்கைகளையும் அடிக்கடி விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கயிறு புடிக்க ஆளில்லாம இப்பிடி ஒவ்வொருத்தனாத் தள்ளிவிடுதியேக்கா, இது நல்லாவா இருக்கு?"

"யாரு புடிப்பா?" என்றாள் அம்மா.

மாமா இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை எடுத்தார். அதன் வயரை இடது உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றி, கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேர் ஆடுகிற ஆட்டம் என்று வைத்தால், முதல் ஆள் ஆடும்போது இரண்டாவது ஆளுக்குக் காத்திருப்பதைத் தவிர வேலை கிடையாது. மாமாவுக்கு அந்த வேலைதான் தெரியும், அதைத்தான் அவர் வாழ்நாளெல்லாம் செய்திருந்தார். அவருடைய முறை வரும்போது இருவரும் ஜாய்ஸ்டிக்கை மாற்றிக்கொள்வார்கள். அம்மா இறக்குவாள், மாமா பிடித்துக்கொண்டு இருப்பார். இதைக் கேள்விப்பட்டதும் தெருவுக்கே ஒரு நிம்மதி வந்தது. "தொம்மை கயிறு புடிக்கானாம்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள், இனிமேல் காரியம் முறைப்படி நடக்கும் என்பது போல.

உண்மையில் அதற்குப் பிறகுதான் கரையொதுங்கியவர்கள் கையை மூடிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். கொரெத்தி மாமி ஒருவனின் விரல் இல்லாத அந்தக் கையைக் கோணி ஊசியால் நெம்பித் திறந்து பார்த்தாள். உள்ளே மணல். கறுப்பு மணல். ராயப்பு அண்ணன் அதை நாக்கில் வைத்துப் பார்த்து, மணவாளக்குறிச்சிப் பக்கத்து மணல் என்றார். அடுத்த வாரம் செம்மண் கலந்த மணல் வந்தது, அது எந்தக் கரை என்று தோணிக்காரர்களுக்குள் சண்டை வந்தது. பிறகு ஒருநாள் பவளம் பொடிந்த வெள்ளை மணல். அதற்குச் சண்டையே இல்லை. "மாலி" என்றார் ராயப்பு அண்ணன், சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்கும் மறுநாள் வந்தவன் கையில் ஒரு மரச்செதில் இருந்தது. கீல் பூசிய மரம், தோணியின் மரம். அம்மா அதை வாங்கி மோந்து பார்த்தாள். பிறகு அதை முந்தானையில் முடிந்துகொண்டு திரும்பவும் டிவியின் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

எனக்கு அந்த ஆட்டத்தின் மேல் தாங்க முடியாத கோபம் வந்தது. எம்பிக் குதித்துச் சிரித்த வீட்டில் இப்போது ஒருவரும் சிரிப்பதில்லை, பார்க்க வருகிறவர்கள் சாவு வீட்டுக்கு வருவதைப் போல வந்து சுவரோரம் உட்கார்ந்து செபமாலை உருட்டினார்கள். அந்த நீல வானத்தைப் பார்த்தாலே எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவந்து அம்மாவின் முதுகில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவேன். எங்கே அப்பா அகப்படும் நேரத்தில் நான் அங்கே இல்லாமல் போய்விடுவேனோ என்று பயம்.

ஒரு சாயங்காலம், கோயிலில் திரிகால மணி அடித்துக்கொண்டிருக்கும்போது, அம்மா ஒருவனை நடத்திக்கொண்டு போய் மூன்றாவது பாலத்து முனையில் நிறுத்தினாள். வழக்கமாகச் சொல்வதெல்லாம் சொன்னாள். இறக்கினாள். மெட்டு வாசிக்கவில்லை. அடுத்தவனும் வந்து நிற்கவில்லை. திரையில் பாலமும் தண்ணீரும் மட்டும் இருந்தன. சுவரோரத்தில் செபமாலை நின்றது.

"இழுக்குது" என்றார் மாமா.

"என்னடா?"

"கயிறு இழுக்குதுக்கா. ரெண்டு இழுப்பு."

இரண்டு இழுப்பு என்றால் தூக்கு என்று அர்த்தம். அதற்குமேல் ஒரு மூச்சுக்கூடப் பொறுக்கக் கூடாது என்பது கயிறு பிடிப்பவர்களின் முதல் பாடம். மாமா எழுந்து, காலை அகட்டி ஊன்றி, கைமாற்றிக் கைமாற்றி இழுத்தார். சின்ன வயரை இழுக்கிற இழுப்பா அது, கழுத்து நரம்பெல்லாம் புடைத்துவிட்டது. "வாங்க மச்சான், வாங்க, வாங்க" என்று சொல்லிக்கொண்டே இழுத்தார். வயர் பெட்டியிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. திரையில் புள்ளிமழை கொட்டியது. மாமா கையில் அறுந்த வயரோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பெட்டி வேலை செய்யவில்லை. பின்னால் ரிப்பேர்காரர் திறந்து பார்த்து, உள்ளே முழுக்க உப்புப் பூத்துக் கிடப்பதாகச் சொன்னார்.

விடியும்போது தெரு முழுக்கக் கரையில் நின்றது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை, எல்லாரும் வந்திருந்தார்கள். அலை ஒன்று வந்து திரும்பிப் போனபோது ஈரமணலில் அவர் கிடந்தார். என் அப்பா. கட்டம் போட்ட சாரம், நரை விழுந்த மீசை, நெற்றியில் பாய்மரக் கட்டை அடித்த பழைய தழும்பு, எல்லாம் இருந்தது. ஓரங்கள் படிபடியாக இல்லை, மனிதருக்கு இருப்பது போலவே இருந்தன. முகம் இருந்தது, தூங்குகிற முகம். விரல் நீளம்தான் இருந்தார்.

அம்மா குனிந்து அவரை எடுத்து உள்ளங்கையில் கிடத்திக்கொண்டாள். கொரெத்தி மாமி பழக்கதோஷத்தில் இடுப்பிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து நீட்டிவிட்டு, நீட்டிய பிறகுதான் என்ன செய்கிறோம் என்று உறைத்து, அதை எப்படித் திரும்ப வாங்கிக்கொள்வது என்று தெரியாமல் விசும்பி விசும்பி அழுதாள். ராயப்பு அண்ணன்தான் மெல்லச் சொன்னார்.

"இவ்வளவுதான் குடுத்திருக்கு மைனி. இவ்வளவாவது குடுத்துதே."

அம்மா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது போலச் சொன்னாள்.

"அவுக இன்னும் தூரத்துல இருக்காவ, ராயப்பு. அதான் சின்னதாத் தெரியுதாவ."

பிறகு மாமாவிடம் திரும்பினாள். "முழுப் பெட்டி சொல்லிட்டு வா, தம்பி. அவுக உசரத்துக்கு. கிட்ட வந்தாவன்னா கொள்ளணும்லா."

மாமா ஒன்றும் கேட்காமல் ஆசாரியிடம் போனார். ஆசாரியும் ஒன்றும் கேட்காமல் அறுத்தார். மத்தியானத்துக்குள் பெட்டி வந்துவிட்டது, தேக்குப் பலகை, பித்தளைப் பிடி. அதன் நடுவில் வெள்ளை விரிப்பில் அப்பாவைக் கிடத்தினோம். அவ்வளவு பெரிய பெட்டிக்குள் அவர் படுத்திருந்ததைப் பார்க்க முடியவில்லை. அவருக்குப் பக்கத்தில் அம்மா அவருடைய பட்டுக்கரை வேட்டியையும் கோட்டையும் மடித்து வைத்தாள், தேவைப்படும்போது உடுத்திக்கொள்ளட்டும் என்று. நான் என் விரல் நுனியால் அவர் மீசையைத் தொட்டேன். சில்லென்றிருந்தது. அப்பா என்று கூப்பிட்டேன், தண்டல் என்றும் கூப்பிட்டுப் பார்த்தேன். மூடியைப் போட்டு ஆணி அடித்தார்கள்.

தோணி ஆட்கள் ஆறு பேர் பெட்டியைத் தூக்கினார்கள். மனிதரைத் தூக்குகிற பழக்கத்தில் பலம் கொடுத்துத் தூக்கியதில் பெட்டி சட்டென்று அவர்கள் தலைக்கு மேலே போய்விட்டது, அவசர அவசரமாக இறக்கித் தோளில் வைத்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் தலை குனிந்துகொண்டார்கள். வெறும் பலகையின் கனம்தான் இருந்தது. மணி ஒற்றை ஒற்றையாக அடித்தது. அம்மா பெட்டிக்குப் பின்னால் நடந்தாள், நான் அவள் கையைப் பிடித்திருந்தேன், அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. செய்தி வந்த நாளிலிருந்து அவள் அழுது நான் பார்க்கவே இல்லை.

கோயில் திருப்பத்தில் முன்னால் போன ராயப்பு அண்ணன் தோளை ஒருமுறை அசைத்துச் சரிசெய்துகொண்டார். உப்பு மூட்டை அடுக்கி வைக்கிற கிட்டங்கியைத் தாண்டும்போது அவர் கழுத்தில் வியர்வை இறங்குவதைப் பார்த்தேன். கிட்டங்கிக்கு அப்பால் அவர்களுடைய நடை சுருங்கியது, மணலில் அவர்கள் கால் அதிகமாகப் புதைந்தது. கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு வரும்போது பின்பக்கம் பிடித்திருந்தவர் ஒருவருக்கு முழங்கால் மடங்கிவிட்டது. தொம்மை மாமா ஓடிப்போய்த் தோள் கொடுத்தார், இன்னும் இரண்டு பேர் ஓடினார்கள், அப்படியும் நிற்க முடியாமல் பெட்டியை வாசல்படியில் இறக்கி வைக்க வேண்டியதாயிற்று. இறக்கும்போது உள்ளே ஒருபக்கமாக ஏதோ சரிந்து பலகையில் முட்டிய சத்தம் எல்லாருக்கும் கேட்டது. பெரிய சத்தம்.

ராயப்பு அண்ணன் மூச்சு வாங்க நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார்.

"கனக்குது மைனி" என்றார். "தூக்க முடியல."

அம்மா என் கையை விட்டுவிட்டுப் போய்ப் பெட்டியின் பக்கத்தில் மண்டியிட்டாள். மூடியின் மேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்தாள், தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை மெதுவாகத் தடவிக்கொண்டே போனாள்.

"வந்துட்டாவ" என்றாள். "வந்து சேந்துட்டாவ."

அப்புறம் மூடியின் மேல் தலையை வைத்து, அந்தத் தெருவே கேட்க, என் அம்மா அழ ஆரம்பித்தாள்.